பிடித்துவைத்த கூலி: கொங்கு மில் விடுதிகளும் ஆள்கடத்தலும்

கோவை காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே போனால் கணபதி. அங்கே டெக்ஸ்டூல் என்றொரு பஸ் நிறுத்தம் உண்டு. ஒரு காலத்தில் நூற்பாலைகளுக்கு ரிங் பிரேம் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயர் அது. அதைச் சுற்றித்தான் கணபதியின் ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளும் வளர்ந்தன. அதே சாலையில் சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி என்று போகப்போக, உயர்ந்த மதில் சூழ்ந்த நூற்பாலைகள் வரும். மதிலுக்குள்ளேயே பெண்கள் விடுதியும் இருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்களை ஊர்க்காரர்கள் ‘ஹாஸ்டல் பிள்ளைங்க’ என்பார்கள். ஆள்கடத்தலைப் பற்றிப் பேச வேண்டுமானால் கொங்கு நாட்டில் இந்தச் சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆள்கடத்தல் என்றதும் நமக்குத் தோன்றும் படம் வேறு. வேனில் வரும் அந்நியன், மயக்க மருந்து, காணாமல் போன குழந்தை. இந்தப் படம் உயிரைக் குடித்திருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு முதிய பெண்ணை ஊரே கூடி அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. ஆனால் நம்மைச் சுற்றி நடக்கும் கடத்தலில் அந்நியன் அநேகமாக இருப்பதில்லை. புரோக்கர் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். அப்பாவும் அம்மாவும் சம்மதித்துத்தான் அனுப்புகிறார்கள். பெண்ணும் பையை மாட்டிக்கொண்டு தானே வண்டியில் ஏறுகிறாள்.

கொங்கு நாட்டில் இதற்கு நன்கு பதிவான உதாரணம் சுமங்கலித் திட்டம். 1990களின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இது பரவியது. திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்று ஆலைக்கொரு பெயர். உள்ளடக்கம் ஒன்றுதான். பதினான்கு வயதிலிருந்து இருபது சொச்சம் வரையுள்ள, திருமணமாகாத பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். மாதாமாதம் சிறு தொகை கைக்கு வரும். மூன்றாண்டு முடிந்ததும் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. திருமணச் செலவுக்கும் நகைக்கும் ஆகும் என்று துண்டறிக்கையில் அச்சடித்தே கொடுத்தார்கள். தேனி, மதுரை, சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று மழை பொய்த்த ஊர்களுக்குப் புரோக்கர்கள் போனார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். போனவர்களில் பெரும்பகுதியினர் தலித், மிகவும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த, நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்த மொத்தத் தொகை எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் கூலியில் 40 ரூபாயைக் கொடுக்காமல் பிடித்துவைத்தால், மாதம் 26 நாள், 36 மாதத்துக்கு 37,440 ரூபாய் சேரும். ஆலை பரிசாகக் கொடுப்பதாகச் சொன்ன பணம் அவள் உழைத்துச் சேர்த்த கூலியே. அதுவும் வட்டியில்லாமல். முப்பதாவது மாதத்தில் காய்ச்சலில் படுத்தாலோ, சூப்பர்வைசரின் தொல்லை பொறுக்காமல் ஊருக்குப் போனாலோ அந்தப் பணம் கிடைக்காமல் போகலாம். பல பெண்களுக்கு அப்படித்தான் போயிற்று. நாள் செல்லச் செல்ல ஆலையிடம் சேரும் பணம் கூடுகிறது. பணம் கூடக் கூட வெளியேறுவது கடினமாகிறது. மதிலைவிட உறுதியான பூட்டு அதுதான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் இந்தியாவுக்கான நெதர்லாந்துக் குழுவும் 2011, 2012, 2014 ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளியிட்ட அறிக்கைகள் இந்த வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தன. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதற்கு மேலும் ஓவர்டைம், இரவுப் பணி, வார்டன் முன்னால் நின்று பேசும் தொலைபேசி, மாதத்துக்கொரு முறை காவலோடு கடைவீதி, பஞ்சுத் தூசியால் இருமல். 2016 டிசம்பரில் அதே குழு, தமிழ்நாட்டில் 743 நூற்பாலைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் நவீன அடிமைமுறையின் ஏதோ ஒரு கூறு இருப்பதாகச் சொன்னது. ஆலை முதலாளிகளின் சங்கங்கள் இவற்றைக் கடுமையாக மறுத்தன. இந்த விகிதத்தில் வெவ்வேறு கடுமையுள்ள மீறல்கள் ஒரே குடையின் கீழ் வந்திருக்கின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விடுதிப் பெண்ணைத் தனியே கடைக்கு விடாத ஆலையும், அவளைப் பதினாறு மணி நேரம் நிற்கவைக்கும் ஆலையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் அவள் நினைத்தபோது கிளம்ப முடியாது.

இந்த ஏற்பாடு ஏன் இங்கே வேர்விட்டது என்பதற்குப் பழைய கதை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கோவையின் முதல் நூற்பாலையான ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைத் தொழிலாளிகள் சங்கம் கட்டினார்கள், அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தொழிலாளிகள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போராட்டங்களில்தான் நிரந்தர வேலை, போனஸ், எட்டு மணி நேரம் எல்லாம் வந்தன. 1981இல் தமிழ்நாடு அரசு, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அந்தத் தலைமுறை ஆலைகள் பலவும் பிறகு மூடப்பட்டன. புதிய ஆலைகள் நகருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவே எழுந்தன. சங்கம் வைக்காத, மூன்றாண்டில் தானே வீட்டுக்குப் போய்விடும், ‘அப்ரண்டிஸ்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளக்கூடிய தொழிலாளி அவற்றுக்குத் தேவைப்பட்டார். வரதட்சிணைக்கு அஞ்சும் வீட்டிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண் அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தினாள்.

பெற்றோரைக் குறை சொல்வது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். வயதுக்கு வந்த பெண்ணைக் காட்டு வேலைக்குத் தனியே அனுப்ப அஞ்சும் அம்மாவுக்கு, ‘கேட்டுக்கு வெளியே விடமாட்டோம்’ என்று மில்லில் சொன்னது ஆறுதலாகவே இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அக்காவுக்கு நகை எடுத்த பெண்களும், விடுதியில்தான் முதன்முதலாகத் தோழிகள் கிடைத்தார்கள் என்று சொல்லும் பெண்களும் உண்டு. தொலைதூரக் கல்வியில் படிக்கவைத்த ஆலைகளும் உண்டு. விடுதி இருப்பது குற்றமாகாது. கதவு யார் கையில் என்பதே கேள்வி.

கூலியைப் பிடித்துவைக்கும் இந்த முறையின் மறுபக்கமும் கொங்கு நாட்டுக்குப் பழக்கம். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் ‘பாக்கி’ என்ற முறை உண்டு. தறி ஓட்ட வருபவர் முதலில் முன்பணம் வாங்குவார், அது தீரும்வரை அதே முதலாளியிடம் ஓட்ட வேண்டும், தீரவும் தீராது. சசெக்ஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர் கீர்ட் டெ நேவ் 1990களில் குமாரபாளையத்தில் தங்கி இதை ஆராய்ந்தார். பின்னர் கிரேஸ் கார்ஸ்வெல்லுடன் சேர்ந்து திருப்பூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களை ஆராய்ந்தபோது, பனியன் கம்பெனிகளுக்குப் போய்வந்த தலித் குடும்பங்கள் பண்ணையாள் முறையின் பிடியிலிருந்து ஓரளவு விடுபட்டிருந்ததையும், பக்கத்திலேயே விசைத்தறிக்குப் போனவர்கள் முன்பணத்தில் புதிதாகக் கட்டுண்டிருந்ததையும் கண்டார்கள். ஒரே வட்டாரம், ஒரே காலம். தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் கம்பெனி மாறலாம் என்ற ஒரு வழி திறந்திருந்ததும் அடைபட்டதும்தான் வேறுபாடு.

தறிக்காரர் முதலாளிக்குப் பட்ட கடனால் கட்டுப்பட்டார். மில் பெண்ணோ, ஆலை அவளுக்குத் தர வேண்டிய பணத்தால் கட்டுப்பட்டாள். சட்டம் இரண்டையும் பார்க்கக் கண் கொண்டிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே, பசியின் நெருக்குதலும் நெருக்குதல்தான் என்று தீர்ப்பளித்தார். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, கடன் என்று சொல்லப்படுவது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஒருவரைச் சேர்ப்பதையும் ஏற்றிச் செல்வதையும் தங்கவைப்பதையும் ஆள்கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கே பொருட்டில்லை. ‘அவளே விரும்பித்தானே வந்தாள்’ என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை.

ஒரு குறையும் இருக்கிறது. டெல்லியில் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம், சுரண்டல் என்பதன் விளக்கத்தில் கட்டாய உழைப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. சில வாரங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. புதிய சன்ஹிதாவிலும் இல்லை. அடிமைமுறை, அதை ஒத்த நடைமுறைகள், உடல் உழைப்பைச் சுரண்டுதல் என்று சுற்றி வளைத்துத்தான் ஆலையை அடைய வேண்டியிருக்கிறது. காவல்நிலையத்தில் ஆள்கடத்தல் என்றால் பாலியல் தொழில் என்று மட்டும் புரிந்துகொள்ளும் வழக்கம் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், உலகில் கட்டாய உழைப்பில் இருப்போர் 2 கோடியே 76 லட்சம். அதில் வணிகப் பாலியல் சுரண்டலில் இருப்போர் 63 லட்சம். மிச்சப் பெரும்பகுதி தறியிலும் சூளையிலும் வீட்டு வேலையிலும் கடலிலும் காட்டிலும் இருக்கிறது.

சுமங்கலி என்ற பெயரை இப்போது ஆலைகள் சொல்வதில்லை. ஆள் தட்டுப்பாட்டால் கூலி உயர்ந்திருக்கிறது. தென்மாவட்டத்துப் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாமிலிருந்து பெண்கள் வருகிறார்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். இவர்களுக்கு மதிலோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 2021 கடைசியில், கணபதிக்கு அடுத்த சரவணம்பட்டிப் பக்கத்து மில் விடுதி ஒன்றில் வடமாநில இளம்பெண் ஒருவர் அடிக்கப்படும் காட்சி செல்பேசிகளில் பரவியது. மேலாளரும் வார்டனும் கைது செய்யப்பட்டார்கள். அறைக்குள் இருந்த யாரோ ஒருவர் படம் எடுத்ததால்தான் அது வெளியே வந்தது.

மாற்றம் முடியாததல்ல என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022இல் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற வாங்கும் நிறுவனங்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தொழிலாளிப் பெண்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்கள். பாலியல் தொல்லையும் சாதி இழிவும் புகாரானால் பதில் சொல்லியாக வேண்டும். ஆலை மீறினால் வாங்குபவர்கள் வணிகத்தில் கைவைப்பார்கள். வெளியிலிருந்து வந்து போகும் தணிக்கையாளர் காணாததை உள்ளே நிற்பவள் காண்கிறாள். கோவையின் ஆலைகளுக்கு இது ஏன் வரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை ஆலைக்கு வெளியே இருப்பவர்கள் என்ன செய்வது? கிளம்பும் ஊரில் இருப்பவர்கள்தான் முதலில் உதவ முடியும். பத்தாம் வகுப்பு முடித்த பெண் மில்லுக்குப் போகிறாள் என்று கேள்விப்படும் ஆசிரியை, அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தோழி யாராயிருந்தாலும் சில கேள்விகள் கேட்கலாம். எந்த மில், எந்த ஊர், விடுதியின் முகவரி என்ன? சம்பளம் யார் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கும்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எப்போது தருவார்கள்? ‘போன் உன் கையிலேயே இருக்குமா? நாளைக்கே வரணும்னு தோணுனா விடுவாங்களா? பாதியில வந்தா சம்பளம் முழுசாக் குடுப்பாங்களா?’ கடைசி மூன்றுக்கும் புரோக்கர் நேராகப் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்பக் கூடாது. பதினெட்டு நிறையாதவள் என்றால் கேள்வியே வேண்டாம்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது என்பதை அந்த வீட்டுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். திருமணத்துக்குச் சேர்க்கும் பணத்துக்காகவே ஒரு தொழில் ஆள் பிடித்தது என்றால், பெண் கேட்டுப் போகும்போது பவுன் கணக்குப் பேசும் ஒவ்வொரு வீடும் அதில் பங்காளிதான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வந்து சேர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு வேறு வேலை. கணபதியிலும் அன்னூரிலும் மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர், செல்பேசி ரீசார்ஜ் கடைக்காரர், தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் வருபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிள்ளைகளின் முகம் தெரியும். காவலோடு மட்டுமே வரும் கூட்டம், ஒரே ஆள் எல்லோருக்கும் காசு கொடுப்பது, கேட்டால் ஒப்பித்தது போல வயது சொல்வது, ஊருக்குப் பேச அடுத்தவர் போனைக் கேட்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். இவற்றில் எதுவும் தனியாகக் குற்றத்தை நிரூபிக்காது. ‘அம்மிணி, ஊட்டுக்குப் பேசுனியா? எப்பப் போறே?’ என்று இயல்பாகக் கேட்கும் ஒருவர் இருந்தாலே போதும், அவளுக்கு வெளியில் ஒரு ஆள் உண்டாகிறது. இந்தி தெரிந்தவர், ஒடியா தெரிந்தவர் நம் தெருவிலேயே இருந்தால் அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டறை வைத்திருப்பவர்கள் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். வட மாநிலப் பையன்களின் ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டிவைப்பதும், ஓடிவிடுவான் என்று ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பதும் கணபதிப் பட்டறைகளில் ஏதோ நிர்வாக வசதி போலப் பேசப்படுகிறது. அதுவும் பிடித்துவைத்த கூலிதான்.

சந்தேகம் வலுத்தால் மில் வாசலுக்குக் கூட்டமாகப் போகக் கூடாது. படம் எடுத்து முகநூலில் போடவும் கூடாது. அந்தப் பெண்ணை இரவோடிரவாக வேறு விடுதிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது. பரவும் படம் தொழிலாளர்களையே அஞ்சவைக்கவும் கூடும்: 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் எத்தனை பேர் அஞ்சினார்கள் என்பது நினைவிருக்கும். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மாவட்டந்தோறும் காவல்துறையில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி எதுவானாலும் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘இந்த விடுதி பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள்?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மீட்ட பிறகுதான் பெரும்பாலான உதவி நின்றுபோகிறது. வண்டி ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டுச் செய்தித்தாளில் படம் வந்தால் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். கொத்தடிமை நிலையில் இருந்தவருக்குத் தேவையான முதல் காகிதம் விடுவிப்புச் சான்றிதழ். அது இருந்தால் கடன் சட்டப்படி ரத்து. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தலும் கடுமையான சுரண்டலும் சேர்ந்திருந்தால் 3 லட்சம். முழுத்தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால், ஊருக்குப் போனவர் விசாரணைக்குத் திரும்பி வர வேண்டும். ரயில் கட்டணத்துக்கும் தங்க இடத்துக்கும் வழியில்லாமல் வழக்குகள் கைவிட்டுப் போகின்றன. அவருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொடுப்பதும், இரண்டு நாள் வீட்டில் தங்கவைப்பதும், நீதிமன்றத்துக்குக் கூடப் போவதும் எந்த விழிப்புணர்வுப் பேரணியைவிடவும் பயனுள்ளவை. ஆள்கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அதற்கான எண் 15100.

ஏற்கெனவே வேலையை விட்டு வந்து, சம்பளம் வராமல் இருக்கும் பெண் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். அவளோடு உட்கார்ந்து சேர்ந்த தேதி, ஷிஃப்ட் நேரம், மாதம் கைக்கு வந்த தொகை, பிடித்த தொகை, சூப்பர்வைசரின் பெயர், கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, விடுதி அடையாள அட்டையோ வங்கிப் புத்தகமோ இருந்தால் நகல் எடுத்து, திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். கொத்தடிமை நிலை என்று மனுவில் வெளிப்படையாக எழுத வேண்டும். சம்பள பாக்கி என்று மட்டும் எழுதினால் அது தொழிலாளர் துறைக்குப் போய் வெறும் கணக்குத் தகராறாகிவிடும். மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் ஒரு நகலை அவளிடமும் இன்னொன்றை நம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.